கேட்டுப் பெற்ற சிறகுகள்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து, சிறுவர்களுக்கு மறைக்கல்வி நடந்துகொண்டிருந்தது. எலியாஸ் இறைவாக்கினர் நெருப்புத் தேரில் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்ட வரலாற்றை நாம் விளக்கிக்கொண்டிருந்தோம். அப்போது பின்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஃபாதர், அது புஷ்பக விமானம் மாதிரியா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது.

நாம் சிரிக்கவில்லை. இளமை முதலே விமானங்கள் மீது நமக்கு ஒரு பற்று உண்டு. "தம்பி, புஷ்பக் என்ற பெயரில் உண்மையாகவே ஒரு விமானம் இருந்தது. நம் நாட்டில், பெங்களூரிலே செய்தார்கள்" என்றோம். அவ்வளவுதான், சிறுவர்களின் விழிகள் விரிந்தன. எலியாஸை நெருப்புத் தேரிலேயே நிறுத்திவிட்டு, மீதி நேரம் முழுவதும் அந்தச் சிறு விமானத்தைப் பற்றியே பேச வேண்டியதாயிற்று.

வகுப்பு முடிந்து பங்குமனைக்குத் திரும்பியபோது, திண்ணையில் நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் காத்திருந்தார். அறுபதைக் கடந்தவர். நம் கோயிலின் பக்கவாயிற் கதவுகள் அவர் கைவேலையே. குனிந்த தலையோடு அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "சாமி, நான் பெற்ற பிள்ளையே என் தொழிலைத் திருடிவிட்டான்."

மெல்ல மெல்ல முழு வரலாறும் வெளிவந்தது. மகன் அவரிடமே தொழில் கற்றவன். உளி பிடிக்கவும், இழைப்புளி தள்ளவும், முழக்கோல் வைத்து அளக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவரே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகன் வங்கியில் கடன் பெற்று, மின்சாரத்தில் ஓடும் அறுப்பு இயந்திரமும் இழைப்பு இயந்திரமும் வாங்கி, பெரிய சாலையில் தனிக் கடை வைத்துவிட்டான். அது கூடப் பெரிதில்லை. தந்தை நாற்பது ஆண்டுகளாகத் தம் கைக்கென்றே உரித்தாக்கிய அளவுகளையும், கட்டிலின் தலைப்பலகையில் அவர் செதுக்கும் திராட்சைக்கொடி வேலைப்பாட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு, "இது என் டிசைன்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி வருகிறானாம். தந்தைக்கு ஒரு வாரம் பிடிக்கும் வேலை, மகன் கடையில் இரண்டு நாளில் முடிகிறது. தந்தையின் பட்டறையிலோ சிலந்தி வலை கட்டுகிறது.

தந்தையும் மகனும் பேசி ஓராண்டு ஆகிவிட்டது. திருப்பலிக்கு இருவரும் வருகிறார்கள். ஒருவர் வடக்குப் பக்கம், மற்றவர் தெற்குப் பக்கம். பேரனுக்கு அடுத்துப் புதுநன்மை. "அன்றைக்கு நான் கோயிலுக்கு வரமாட்டேன், சாமி. அதைச் சொல்லிப் போகத்தான் வந்தேன்" என்று எழுந்தார்.

நமக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. "அடுத்த ஞாயிறு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அன்றிரவு செபமாலை முடிந்து படுத்தபோது, காலையில் சிறுவர்களுக்குச் சொன்ன விமானத்தின் கதையே நினைவில் சுழன்றது. தச்சரின் வழக்குக்குத் தீர்ப்பு அதற்குள் இருப்பது போல் நமக்குப் பட்டது. அதனை உங்களுக்கும் சொல்லுகிறோம்.

ஒஹையோவிலிருந்து பெங்களூருக்கு

அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் 1928-ஆம் ஆண்டு 'ஏரோன்கா' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. செல்வர்கள் மட்டுமன்றி, நடுத்தர வருவாய் உள்ளவர்களும் வாங்கிப் பறக்கத்தக்க சிறு விமானங்களைச் செய்வது அதன் நோக்கம். 1929-ல் பறந்த அதன் முதல் விமானத்தில் ஒருவர் மட்டுமே அமரலாம். அதன் தோற்றத்தைக் கண்டு மக்கள் அதற்குப் 'பறக்கும் குளியல் தொட்டி' என்று பட்டப்பெயர் வைத்தார்களாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்நிறுவனம் 'சீஃப்' என்ற சுற்றுலா விமானத்தை உருவாக்கி, 1946 முதல் ஏராளமாகச் செய்து விற்றது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு. அதன்மேல் போர்த்திய துணி. தலைக்கு மேலே ஒற்றை இறக்கை. உள்ளே இருவர் அருகருகே அமரும் இருக்கை. மூக்கிலே 65 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் கான்டினென்டல் இயந்திரம். கணவனும் மனைவியும் ஏறிக்கொண்டு பக்கத்து மாநிலத்திலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்வருவதற்கு அது போதும். போரிலிருந்து திரும்பிய விமானிகள் எல்லாரும் ஆளுக்கொரு விமானம் வாங்குவார்கள் என்று அமெரிக்கத் தொழிலதிபர்கள் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே விற்பனை படுத்துவிட்டது. 1951-ல் ஏரோன்கா சிறு விமானங்கள் செய்வதையே நிறுத்திக்கொண்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1940-ல் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் 'எச்.ஏ.எல்.' என்று நாம் அனைவரும் அறிந்த நிறுவனம் அதுவே. அதன் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் வி. எம். காட்கே. ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், காற்றியக்க அறிவியலின் பேராசானாகிய லுட்விக் பிராண்ட்லிடம் பயின்றவர். ஏரோன்கா தன் கடையை மூடிய அதே 1951-ல், காட்கே குழுவினர் தாங்களே வடிவமைத்த எச்.டி.-2 என்ற பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டனர்.

அன்பர்களே, இதனைக் கவனியுங்கள். சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைக்கும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. ஆயினும் நம் நாட்டுப் பறக்கும் கழகங்களில் இளைஞர் பயில்வதற்கு எளிய, இலேசான விமானம் ஒன்று வேண்டியிருந்தபோது, "எல்லாவற்றையும் நாங்களே புதிதாகச் செய்வோம்" என்று அவர்கள் முரண்டு பிடிக்கவில்லை. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பறந்து, தன் நல்ல குணத்தை மெய்ப்பித்துவிட்ட 'சீஃப்' விமானத்தின் அமைப்பை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டார்கள். 65 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 90 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தைப் பொருத்தினார்கள். 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் அது முதன்முறையாகப் பெங்களூர் வானில் எழும்பியது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர்தான் 'புஷ்பக்'. பின்னர் 150-க்கும் மேற்பட்ட புஷ்பக் விமானங்கள் செய்யப்பட்டு, நாடெங்கும் உள்ள பறக்கும் கழகங்களுக்குச் சென்றன. நம் நாட்டு விமானிகளில் ஒரு தலைமுறையினர், புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி முடுக்கிவிடும் அந்தத் துணி விமானத்தில்தான் முதற்பாடம் கற்றார்கள்.

அது மட்டுமன்று. புஷ்பக்கைக் கட்டிப் பழகிய கைகள் அடுத்த ஆண்டே, 1959-ல், அதிலிருந்து 'கிரிஷக்' என்ற பெரிய விமானத்தை உருவாக்கின. 225 குதிரைத்திறன் கொண்ட அது, நம் இராணுவத்தின் வான்நோக்குப் பணியில் பயன்பட்டது. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பின்னும், கொழுந்துவிட்ட கொள்ளி அயல்வீட்டில் எரிந்து, அங்கிருந்து இன்னொரு விளக்கையும் ஏற்றிவைத்தது என்று சொல்லலாம் அல்லவா?

ஏன் கூடுதல் வலிமை?

"65 குதிரைத்திறன் போதுமென்று அமெரிக்கர் பறந்தார்களே, இவர்களுக்கு மட்டும் 90 எதற்கு?" என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். அருமையான கேள்வி.

விமானத்தை மேலே தூக்குவது காற்று. காற்று அடர்த்தியாக இருந்தால் இறக்கை எளிதில் தூக்கப்படும்; இயந்திரமும் நன்றாக மூச்சு வாங்கும். வெப்பத்தாலோ உயரத்தாலோ காற்று நெகிழ்ந்துவிட்டால் இறக்கைக்குப் பிடிமானம் குறையும். இயந்திரத்தின் வலிமையும் குன்றும். பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் கோடை வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இத்தகைய காற்றில், ஆசிரியரும் மாணவரும் ஏறிய விமானம் ஓடுதளத்தின் முடிவுக்கு முன் எழும்பி, மரங்களைத் தாண்டிப் போக வேண்டுமானால், கூடுதல் வலிமை பேருதவியாக இருக்கும்.

இதையே நாம் தச்சரிடம் சொல்ல எண்ணினோம். "எங்கள் காலத்தில் ஓர் உளியும் ஓர் இழைப்புளியும் போதுமாயிருந்தன" என்று பெரியவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அவர்கள் பறந்த காற்று வேறு. பிள்ளைகள் பறக்கும் காற்று வேறு. மரத்தின் விலையும், கடைவாடகையும், நாளைக்கே வேண்டுமென்று நிற்கும் வாடிக்கையாளரின் அவசரமும் இன்று இளைஞனின் இறக்கைக்கு அடியிலிருந்து காற்றை உருவிவிடுகின்றன. அவன் கூடுதல் வலிமையைத் தேடினால், அது தந்தையை இகழ்வதாகாது.

அதே வேளையில் மகனுக்கும் ஒரு சொல் உண்டு. இயந்திரத்தின் வலிமையைக் கூட்டினாலும், புஷ்பக்கின் இறக்கை சீஃப் விமானத்தைப் போல ஏறத்தாழ 36 அடி அகலம் கொண்டதாகவே இருந்தது. தூக்கிச் செல்வது இன்னும் அந்தப் பழைய இறக்கைதான். அருகருகே அமரும் அந்தப் பழைய இருக்கைதான் மாணவனுக்குத் துணையிருந்தது. கூட்டப்பட்டது வலிமை, உருவம் முன்னோர் தந்தது. அதை மறந்து, "எல்லாம் என்னுடையது" என்பவன் பொய் சொல்லுகிறான்.

பறித்தலும் பெறுதலும்

புஷ்பக் என்னும் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இராமாயணக் கதையை நம் நாட்டில் அறியாதவர் இல்லை. புஷ்பக விமானம் குபேரனுக்கு உரியது. இராவணன் அதனைத் தன் அண்ணனிடமிருந்தே வலிந்து பறித்துக்கொண்டான். போர் முடிந்தபின் இராமன் அதில் ஏறி அயோத்திக்குச் சென்றான். சென்றபின் அதனை உரியவனிடமே திருப்பி அனுப்பினான். விமானம் ஒன்றே. பறித்தவனுக்கு அது பழியைத் தந்தது; உரியவனை மறவாதவனுக்குப் புகழைத் தந்தது.

நம் விவிலியத்திலும் இதற்கு நேரான நிகழ்ச்சி உண்டு. எலியாஸ் விண்ணகம் செல்லுமுன், சீடராகிய எலிசேயுவிடம், "உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்ற பொருள்படக் கேட்கிறார். எலிசேயு கேட்டது என்ன தெரியுமா? குருவின் ஆவியில் இருமடங்கு! குருவைவிட வல்லவனாக வேண்டும் என்ற விண்ணப்பத்தைக் குருவிடமே வைக்கிறார். எலியாஸ் கோபம் கொள்ளவில்லை. கேட்டது அரிது என்று மட்டும் சொல்லுகிறார். பிறகு தேர் எழும்பியபோது அவருடைய மேலாடை கீழே விழுகிறது. எலிசேயு அதனை எடுத்துக்கொண்டு, யோர்தான் ஆற்றங்கரையில் நின்று, எலியாஸின் ஆண்டவரையே கூவி அழைக்கிறார். தம் பெயரையன்று, தம் குருவின் பெயரைச் சொல்லித்தான் தண்ணீரைப் பிளக்கிறார்.

எலிசேயு கேட்டார், பெற்றார், பெற்றதை ஒளிக்கவில்லை. எலியாஸ் தம்மைவிட மிகுதியைச் சீடன் கேட்டபோதும் பொறாமை கொள்ளவில்லை. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் உரிமம். ஒன்று குறைந்தால் அது திருட்டாகவோ, கஞ்சத்தனமாகவோ முடிகிறது.

இவர்கள் எல்லாருக்கும் மேலான நம் ஆண்டவர் என்ன சொன்னார்? அருளப்பர் நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தம்மில் விசுவாசம் கொள்பவன் தாம் செய்தவற்றைவிடப் பெரிய செயல்களையும் செய்வான் என்று இராவுணவின்போது தம் சீடர்களுக்கு வாக்களிக்கிறார். இறைமகனே தம் சீடர்களின் வளர்ச்சியைக் கண்டு மகிழ்கிறார் என்றால், நம் கையளவு திறமையை நாம் யாருக்கு ஒளித்து வைப்பது?

நம் குறையையும் சொல்லவேண்டும்

பிறருக்குப் போதிப்பது எளிது. நாமும் இந்தத் தவற்றில் விழுந்ததுண்டு. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், மாலைநேரப் படிப்பு வகுப்பு ஒன்றைப் பத்துப் பிள்ளைகளோடு தொடங்கினோம். நமக்குப் பின் வந்த இளம் குருவானவர் அதனை நூறு பிள்ளைகளுக்கு விரிவாக்கினார், கணினி வைத்தார், வேறு பெயரும் சூட்டினார். திருவிழாவுக்கு நாம் சென்றிருந்தபோது எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். நம் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. விருந்தில் அமர்ந்தோமேயன்றிச் சோறு இறங்கவில்லை. பத்து நூறானதற்கு மகிழவேண்டிய உள்ளம், பெயர் மாறியதற்கு அழுதது. அன்று இரவு நற்கருணை நாதர் முன் வெட்கப்பட்டோம். ஆகவே தச்சரின் கண்ணீரைக் கண்டு நம்மால் அவரைக் கடிந்துகொள்ள முடியவில்லை.

ஆசிரியர் இறங்கும் நேரம்

விமானம் ஓட்டக் கற்பவனுக்கு மறக்கமுடியாத நாள் ஒன்று உண்டு. அதுவரை பக்கத்தில் அமர்ந்திருந்த ஆசிரியர், ஒரு நாள் விமானத்தை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "ஒரு சுற்று நீயே போய் வா" என்பார். மாணவன் நெஞ்சு படபடக்கத் தனியே செல்வான். ஆசிரியரின் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட விரைவாக எழும்பும். கீழே நிற்கும் ஆசிரியர், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். தம் பாடம் பலித்ததா என்பதை அவர் அறிவது, தாம் இல்லாத இருக்கையைப் பார்த்துத்தான்.

ஹரியானா மாநிலத்தில் கர்னால் என்னும் ஊர் உண்டு. அங்கே ஒரு பறக்கும் கழகம் இருந்தது. வீட்டு மாடிக்கு மேலே பறக்கும் சிறு விமானங்களைக் கண்டு ஏங்கிய தம் பிள்ளைகளை, ஒரு தந்தை அந்தக் கழகத்துக்கு அழைத்துப் போய், புஷ்பக் விமானத்தில் ஏற்றிப் பறக்கச் செய்தார். அந்தச் சிறுமி வளர்ந்து, விமானப் பொறியியல் கற்று, அமெரிக்கா சென்று, 1997-ல் விண்வெளியிலேயே பறந்தாள். அவளே கல்பனா சாவ்லா. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், 'கொலம்பியா' விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதைந்தபோது தம் தோழர் அறுவரோடு உயிர்நீத்தாள். மகளைத் தாம் எட்டமுடியாத உயரத்துக்கு அனுப்புவது தந்தைக்கு எவ்வளவு விலையுள்ள காரியம் என்பதையும் அந்த வாழ்வு நமக்குச் சொல்லுகிறது. ஆயினும் தரையிலேயே பிடித்து வைத்திருந்தால், அவள் கல்பனாவாக ஆகியிருக்க மாட்டாள்.

பிறகு நடந்தது

அடுத்த ஞாயிறு தச்சரை மட்டுமன்றி மகனையும் வரவழைத்தோம். இந்த விமானக் கதையைத்தான் இருவருக்கும் சொன்னோம். மகன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும், சாமி. கேட்டால் இல்லை என்றுவிடுவாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை" என்றான். தந்தை ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். நம் முயற்சி வீணாயிற்றென்றே நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து மகன் ஓடிவந்தான். அன்று காலை கடை திறக்கும் நேரத்தில், தந்தை சைக்கிளில் வந்து, ஒரு சாக்குப்பையை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிவிட்டாராம். பைக்குள் அந்தத் திராட்சைக்கொடி வேலைப்பாட்டின் மாதிரிப் பலகை இருந்தது. அவருடைய தந்தை அவருக்குக் கொடுத்த பலகை அது. ஓரத்தில் பாட்டனாரின் பெயர் உளியால் கீறப்பட்டிருந்தது. அதன் கீழே தச்சரின் பெயர். அதற்கும் கீழே, இன்னொரு பெயர் கீறுவதற்குப் போதுமான இடம் இழைத்து வழவழப்பாக்கி விடப்பட்டிருந்தது.

மகன் கடைப் பலகையில் இப்போது தந்தையின் பெயர் முதலில் இருக்கிறது. இருவரும் இன்னும் அதிகம் பேசுவதில்லை. பேரனின் புதுநன்மை நாள் வரவிருக்கிறது. அன்று அவர்கள் ஒரே வரிசையில் அமர வேண்டுமென்று நீங்களும் ஒரு செபம் சொல்லுங்கள்.

விமானிகளுக்குத் திருச்சபை ஒரு பாதுகாவலியைத் தந்திருக்கிறது. 1920-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் காலத்தில், லொரேத்து மாதா வானில் பறப்போரின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார். நாசரேத்திலிருந்த திருக்குடும்பத்தின் வீட்டை வானதூதர்கள் சுமந்து வந்து இத்தாலியிலுள்ள லொரேத்துவில் இறக்கினார்கள் என்பது வழிவழியாக வரும் பக்தி மரபு. அந்த மாதாவின் திருநாள் டிசம்பர் 10. எண்ணிப் பாருங்கள்: வானில் பறப்போர் கைகூப்பி நிற்கும் அந்த வீடு, ஒரு தச்சரின் வீடு! அங்கே சூசையப்பர் தம்மைவிட எல்லையற்றுப் பெரியவரான ஒருவருக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்; கற்றுக்கொடுத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் நற்செய்தியின் பக்கங்களிலிருந்து விலகிக்கொண்டார்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்குமுன்னே கொடுக்கப் பழகுங்கள். பிள்ளைகளே, எடுக்குமுன்னே கேட்கப் பழகுங்கள். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக.